மொறிஸ் மைனர் சீற் றெயில் கறள் பிடிச்சு இறுகிட்டுது, ஆராவது வழி சொல்லுங்கோ (திருகோணமலை)

உவர்மலை மைனர் | சனி இரவு

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதுறன்.

எங்கட வீட்ட ஒரு மைனர் 1000 நிக்குது. நாலு கதவு, 1098 எஞ்சின், பழைய ஸ்ரீ நம்பர் பிளேற், அப்பா வாத்தியாரா இருக்கேக்க வாங்கினது. எஞ்சினில குறை இல்லை, பற்றறி போட்டா ரெண்டாம் இழுவையில பிடிக்கும். பிரச்சினை சாரதி சீற், அது முன்னுக்குப் பின்னுக்கு ஓடுற றெயில் இறுகிட்டுது. அப்பா ஐஞ்சடி ரெண்டு அங்குலம், சீற்றை முழுக்க முன்னுக்கு இழுத்து வச்சுத்தான் அந்தக் காலம் முழுக்க ஓடினவர். நான் ஆறடிக்குக் கிட்ட. ஏறி இருந்தா முழங்கால் ரெண்டும் ஸ்ரியரிங்கில முட்டுது, கிளச்சில இருந்து காலை எடுக்கிறதுக்குள்ள டொக்யாட் வீதிச் சந்தியில பின்னால நிக்கிற திறீவீல்காரன் ஹோர்ன் அடிச்சுச் சாகிறான்.

லீவர் அசையுது, சீற் ஒரு நூல் கூட நகரேல்ல. நானும் மச்சானும் பின் சீற்றில இருந்து நாலு காலாலயும் இழுத்துப் பாத்தம், தையல் பிரிஞ்சதுதான் மிச்சம். டபிள்யூடி-40 ஒரு பெரிய ரின் அடிச்சு முடிஞ்சுது. சூடு காட்டலாமோ, இல்லாட்டி பேசாமல் கொழும்பில பழைய வண்டிச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வேற சோடி றெயில் தேடுறதோ?

பாலையூற்று பாஸ் | சனி இரவு

தம்பி யோசிக்காதயும். மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு இரவு விட்டுட்டு காலமை மரக்கட்டைய வச்சு ரெண்டு பவுண்ட் சுத்தியலால போடும். வரும். வராட்டி வெட்டி எறிஞ்சிட்டு புதுசா அடிச்சுப் போடுவம். 40 வருசமா இப்பிடித்தான் செய்யிறன்.

ஸ்காபரோ கறள் | சனி இரவு

பாஸ் அண்ணை சொல்றதில பாதி சரி. ஆனா சுத்தியல் எடுக்க முதல் சீற்றை வெளிய எடுங்கோ தம்பி. காருக்குள்ள குனிஞ்சு நிண்டு அடிக்கேக்க முக்கால்வாசி அடி தரைத் தகட்டுக்குத்தான் போகும். மைனருக்கு சேசி எண்டு தனிய ஒண்டும் இல்லை, தரையும் பொடியும் ஒண்டு, தரை நெளிஞ்சா வண்டி நெளிஞ்ச மாதிரி.

மற்றது டபிள்யூடி-40 எண்ட பேரே வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், 40ஆவது தரம் சரிவந்த கலவை. ஈரத்தைத் தள்ளத்தான் 1953ல செய்தவங்கள். இறுகின கறளுக்குள்ள ஊர்ந்து போற விசயத்தில அது பெரிய கெட்டிக்காரன் இல்லை. இஞ்ச கனடாவில நாங்கள் கியர் ஒயிலும் (ஓட்டோமற்றிக்குக்கு ஊத்திற சிவப்பு ஒயில்) அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கிறனாங்கள். ஒவ்வொரு தரமும் குலுக்கிட்டு அடிக்கோணும், ரெண்டும் பிரிஞ்சிடும். பெயின்ற்றில பட்டா பெயின்ற் போயிடும், பிறகு என்னை ஏசக்கூடாது.

அம்பாசடர் கோவை | ஞாயிறு காலை

அண்ணா ஒரு சந்தேகம், கறள்னா துருவா? ரெண்டு தடவ படிச்சும் ஏதோ பார்ட் பேருன்னு நெனச்சுட்டு இருந்தேன் 😅 நம்மகிட்ட அம்பாசடர் இருக்குங்க, அதுவும் மொறிஸ் குடும்பம்தான, மொறிஸ் ஆக்ஸ்போர்டு. சீட்டுக்கு அடியில இதே கதைதான். எனக்கு கோயமுத்தூர்ல கடல் காத்து இல்ல, ஆனா நாங்க வண்டிய கழுவுறேன்னு உள்ள ஹோஸ் பைப்ப விட்டே துரு புடிக்க வச்சோம்.

உவர்மலை மைனர் | ஞாயிறு பகல்

ஓம் கறள் எண்டா துருதான் 😀

சீற்றைக் கழட்டப் போனன். நாலு போல்ற். முன் ரெண்டும் 13 ஸ்பெனருக்கு இறுக்கமாப் பிடிச்சுது, தலையில 8.8 எண்டு அடிச்சிருக்கு. பின் ரெண்டுக்கும் 13 போட்டா தளர்வா சுத்துது, 12 ஏறுதே இல்லை. ஒண்டு முறிஞ்சு போச்சு. மற்றது சுத்திக்கொண்டே இருக்கு, மேல வருகுதில்லை.

சீனக்குடா 1098 | ஞாயிறு பகல்

நிப்பாட்டுங்கோ, அதுக்கு மேல 13ஐப் போட்டுத் திருப்பினா மூலை மழுங்கிடும்.

பின் ரெண்டும் ஒரிஜினல். இங்கிலீசு வண்டியில 5/16 யூஎன்எப் (அங்குலக் கணக்குப் போல்ற்), அதுக்கு அரை அங்குல ஸ்பெனர், அதாவது 12.7 மிமீ. அதாலதான் 12 ஏறாது, 13 ஆடும். முன் ரெண்டு 8.8 எண்டு இருந்தா அது மெட்ரிக், எம்8. ஆரோ ஒரு கராஜில ஒரிஜினலைத் துலைச்சிட்டு கைக்கு வந்ததைப் போட்டிருக்கினம். எம்8 பருமன் 8 மிமீ, 5/16 எண்டா 7.94. கிட்டத்தட்ட ஒண்டு எண்டபடியா ரெண்டு சுத்து ஏறும், பிறகு இறுகும், 'ஆ நல்லா இறுகீட்டுது' எண்டு சந்தோசப்படுவாங்கள். ஆனா புரி (மரை) வேற, எம்8க்கு 1.25 மிமீ, மற்றதுக்கு அங்குலத்துக்கு 24 புரி. உள்ளுக்க நட்டுன்ர புரியைச் சீவிக்கொண்டு போயிருக்கும். சீற் நிக்கிறது அந்தச் சீவல்லதான். உந்தச் சீற்றில இருந்துதான் உங்கட அப்பா இவ்வளவு காலமும் பிரேக் பிடிச்சவர் எண்டதை யோசிச்சுப் பாருங்கோ.

சுத்துற போல்ற், கீழ தகட்டோட பிடிச்சிருக்கிற கூண்டு நட்டு கழண்டிட்டுது எண்டு அர்த்தம். மேல இருந்து தலையைக் கிறைண்டரால வெட்டுங்கோ, வேற வழி இல்லை. வெட்ட முதல் காபெற், பழைய பேப்பர், தும்பு எல்லாம் எடுங்கோ, பற்றறிய கழட்டுங்கோ, பக்கத்தில ஒரு வாளி தண்ணி வையுங்கோ. கண்ணாடி போடாமல் கிறைண்டர் பிடிக்காதேங்கோ.

பாலையூற்று பாஸ் | ஞாயிறு பகல்

முறிஞ்ச போல்ற்றுக்கு மேல ஒரு நட்டை வச்சு வெல்ட் பண்ணி, அந்தச் சூட்டோட ஸ்பெனர் போட்டால் கழரும். இது நான் சொல்றது. சுத்தியல்காரன் எண்டு நினைக்காதேங்கோ.

உவர்மலை மைனர் | ஞாயிறு இரவு

பாஸ் அண்ணை, நட்டு வெல்ட் வேலை செஞ்சுது!! பக்கத்து வீட்டு வெல்டிங் பெடியன் வந்து ஒரு நிமிசத்தில முடிச்சான். சீற் வெளியில. றெயில் ரெண்டையும் சீற்றில இருந்தும் கழட்டிட்டன். மேல் தகடும் கீழ் தகடும் ஒண்டாப் பொருந்தி ஒரே கட்டி. கறள் படை படையா, அப்பளம் மாதிரி உதிருது. லீவர் கொக்கி மாட்டுற பற்கள் இருக்கிற இடம் முழுக்க மண்ணும் கறளும் சேந்து சீமெந்து மாதிரி.

கிண்ணியா காக்கா | ஞாயிறு இரவு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி இதுக்கு அடிக்கவும் வேணாம் வெட்டவும் வேணாம், கரண்டுல போட்டு எடுக்கலாம். வாப்பாட பழைய மெசின் சாமான், போட் எஞ்சின் சாமான் எல்லாம் நான் இப்பிடித்தான் எடுத்த. 2009ல பாலம் வாரத்துக்கு முந்தி நாங்க பாதையில (வண்டி ஏத்துற மிதவை) வண்டிய ஏத்தித்தான் அக்கரைக்குப் போற, ஒவ்வொரு தரமும் உப்புத்தண்ணி அடிக்கும், அதால கிண்ணியாக்காரனுக்கு கறள் எடுக்கத் தெரியாட்டி சரிவராது.

பிளாஸ்டிக் பெட்டி ஒண்டு எடுங்க, இரும்பு வேணாம். நல்ல தண்ணி. 5 லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, அப்பச்சோடா இல்ல, வாஷிங் சோடா. கடையில கிடைக்காட்டி அப்பச்சோடாவ தட்டுல பரப்பி அவண்ல 200 டிகிரில ஒரு மணித்தியாலம் வெச்சா அதுவே வாஷிங் சோடாவா மாறும், ஊட்டுல பொஞ்சாதிக்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. மறுகா பற்றறி சார்ஜர், பழைய டிரான்ஸ்போமர் சார்ஜர். இப்ப வார ஸ்மார்ட் சார்ஜர் பற்றறி இல்லாட்டி கரண்டே உடாது. கறள் புடிச்ச சாமானுக்கு மைனஸ். பிளஸ்ஸ ஒரு துண்டு கொங்கிறீட் கம்பில மாட்டுங்க. இத மட்டும் மாத்தி மாட்டிராதீங்க, மாத்தினா உங்கட றெயில்தான் கரஞ்சி போகும். ரெண்டும் முட்டவும் கூடாது.

குமிழி வரும், தண்ணி மஞ்சளாகி நொரை கட்டும். 2, 3 அம்பியர் போதும். ஒரு ராவு ஒரு பகல் உடுங்க. எடுத்தா கறுப்பு மாவு மாதிரி இரிக்கும், கம்பி பிரஷ்ஷால தேச்சா இரும்பு வரும். நல்ல இரும்ப அது தின்னாது, வினாகிரிக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்.

நிலாவெளி கெமிஸ்ற்றி | திங்கள் மாலை

காக்கா சொன்னது சரி, ரெண்டு மூண்டு விசயம் சேர்க்கிறன், பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மின்பகுப்பு படிப்பிக்கிறனான்.

பிளஸ் பக்கத்துக்கு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கரண்டி, தட்டு எதுவும் போடாதேங்கோ. கரையாது எண்டு ஆசைப்பட்டு கன பேர் போடுறவை. அதில இருக்கிற குரோமியம் ஆறு வலுவுள்ளதா தண்ணிக்க இறங்கும், அது புற்றுநோய் வருத்திற சாமான், அந்தத் தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்துவீங்கள்? வாஷிங் சோடா கிடைக்கேல்ல எண்டு உப்புப் போடவும் கூடாது, குளோரின் வரும். கறள் பக்கம் வாற குமிழி ஐதரசன். கோடிப்பக்கம் திறந்த இடத்தில வையுங்கோ, கிட்ட நிண்டு சிகரட் பத்தாதேங்கோ. கிளிப்பைக் கழட்ட முதல் சார்ஜரை நிப்பாட்டுங்கோ, பொறி பறக்கும்.

முக்கியம், லீவர் ஸ்பிரிங்கை இதுக்குள்ள போடாதேங்கோ. வினாகிரிக்குள்ளயும் வேண்டாம். இறுக்கமான ஸ்பிரிங் உருக்குக்குள்ள ஐதரசன் புகுந்தா அது நொறுங்கிற தன்மைக்கு வந்திடும், பாக்க நல்லா இருக்கும், ஒரு நாள் டக்கெண்டு முறியும். ஸ்பிரிங்கைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறவிட்டுத் தேயுங்கோ, குழி விழுந்திருந்தா புதுசு போடுங்கோ.

அம்பாசடர் கோவை | திங்கள் மாலை

டீச்சர், வெறும் புளிக்கரைசல்ல போட்டா ஆகாதா? எங்க பாட்டி பித்தள குத்துவிளக்கே புளி போட்டுதான் தேய்ப்பாங்க.

நிலாவெளி கெமிஸ்ற்றி | திங்கள் இரவு

ஆகும் தம்பி, புளி, தேசிக்காய், தென்னங்கள்ளு வினாகிரி எல்லாம் மெல்லிய அமிலம்தானே, மெல்லிய கறளைக் கரைக்கும். ஆனா இவர் சொல்ற அப்பளக் கறளுக்கு எத்தினை கிலோ புளி கரைக்கிறது, வீட்டில குழம்புக்கு மிஞ்சாது. அமிலத்தில போட்டா எடுத்த உடன அப்பச்சோடாத் தண்ணியில முக்கோணும், இல்லாட்டி காயக் காயத் திருப்பி மஞ்சள் பூக்கும். கழிவறை கழுவுற அசிற்றை மட்டும் தொடவே தொடாதேங்கோ, அதின்ர புகைக்கு அறையில இருக்கிற மற்ற இரும்புச் சாமானும் கறள் பிடிக்கும்.

பாலையூற்று பாஸ் | திங்கள் இரவு

கந்தளாய் சீனி ஆலை ஓடின காலத்தில மொலாசஸ் வாங்கி வந்து பீப்பாவில ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி விட்டு சாமானைப் போட்டுவிடுவம். ரெண்டு மூண்டு கிழமை. நாத்தம் எண்டா நாத்தம், ஊர் ஈ முழுக்க எங்கட கராஜிலதான். ஆனா கறள் சுத்தமாப் போகும். இப்ப ஆருக்குப் பொறுமை இருக்கு.

உவர்மலை மைனர் | செவ்வாய் இரவு

காக்கா முறைப்படி போட்டாச்சு. சார்ஜர் மச்சான்ர மாமாட்ட இருந்து, 80களில வாங்கினதாம், தூக்கேலாத பாரம். கிணத்துத் தண்ணி எங்களுக்கு கொஞ்சம் சவர், அதால பைப் தண்ணிதான் எடுத்தன், அது சரிதானே? ரெண்டு மணித்தியாலத்தில நுரை பொங்கி வழிஞ்சுது, அம்மா வந்து பாத்திட்டு 'என்னடா சாம்பார் வைக்கிறியோ' எண்டு கேட்டவ.

கிண்ணியா காக்கா | செவ்வாய் இரவு

சரி சரி. சவர்த்தண்ணி வேணாம். கம்பிய ஒரு பக்கத்துல மட்டும் வெச்சா அந்தப் பக்கம்தான் சுத்தமாகும், கரண்டுக்கு நேர பாத்தாத்தான் வேல செய்யும். றெயில் பள்ளத்துக்குள்ள ஒரு மெல்லிய கம்பிய ஓட்டுங்க, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் துண்டு வெச்சி முட்டாம. நான் மொதல் தரம் இத உட்டுட்டு வெளிப்பக்கம் பளபளண்டு எடுத்து வெச்சிட்டு உள்ளுக்க பாத்தா அப்பிடியே இரிக்கி.

சீனக்குடா 1098 | புதன் காலை

நான் ஒண்டு கேக்கோணும், முதலே கேட்டிருக்க வேணும். றெயில் மேல் பக்கம் கூடக் கறளோ, கீழ் பக்கம் கூடவோ? வண்டி 2004ல எங்க நிண்டது?

உவர்மலை மைனர் | புதன் இரவு

கீழ்ப்பக்கம். கீழ் தகடு சில இடத்தில பேப்பர் மாதிரி.

2004 மார்கழி 26, சுனாமி அண்டைக்கு, வண்டி அலஸ்தோட்டத்தில பெரியப்பா வீட்டு முத்தத்தில நிண்டது. அப்பா அம்மா அங்க போகேல்ல, பெரியப்பாவுக்கு சாமான் ஏத்திறதுக்கு ரெண்டு நாளுக்கு முதல் குடுத்தது. கதவின்ர அரைவாசிக்குத் தண்ணி ஏறினதாம், மதிலோட போய் மோதி நிண்டதால தப்பினது. பெரியப்பா வீட்டுக்காரர் தப்பினவை, அது பெரிய காரியம், அந்த நேரம் வண்டியப் பாக்க ஆருக்கு மனசு வந்தது. ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு இழுத்து வந்து கிணத்துத் தண்ணியில கழுவி, ஒரு கராஜில எஞ்சினைப் பிரிச்சுச் செய்து எடுத்தது. தரைக்கு ஏதோ தார் மாதிரிப் பூசித் தந்தவை.

சீனக்குடா 1098 | புதன் இரவு

நினைச்சன்.

தம்பி, றெயிலை ஒரு பக்கம் வையுங்கோ, அது ஊறட்டும். நாளைக்கு காலமை வெளிச்சத்தில தரையில இருக்கிற தாரைச் சுரண்டி எடுங்கோ. சீற் பின் போல்ற் இருந்த இடத்தில ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்கோ. பயப்படாமல் குத்துங்கோ. நல்ல தகடு எண்டா 'டிங்' எண்டு சத்தம் வரும், கெட்டது எண்டா சத்தம் வராது.

ஏன் சொல்றன் எண்டா, உந்த முன் சீற்றுக்குக் கீழதான் மைனரின்ர பெரிய குரொஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஓடுது. அதின்ர ரெண்டு நுனியிலயும் ஜாக் வைக்கிற இடம். முன் சில்லைத் தாங்கிற டோர்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற கம்பி) ரெண்டும் முன்னால இருந்து நீளமா வந்து முடியிறதும் அதிலதான். அது பெட்டி மாதிரி மூடின வெறுங்கூடு. கடல் தண்ணி ஒருக்கா உள்ள போனா, மேல கழுவினா உப்பு போகாது, உள்ளுக்கயே இருந்து ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு திண்டுகொண்டே இருக்கும். மேல தார் பூசினா இன்னும் வசதி, காயவே காயாது. உங்கட றெயிலைக் கீழ இருந்து திண்டது வேற ஒண்டும் இல்லை, அந்தத் தரைதான்.

ஸ்காபரோ கறள் | புதன் இரவு

100க்கு 100 சரி. இஞ்ச பனிக்கு றோட்டில உப்பு கொட்டுறவங்கள், பத்து வருச வண்டிக்கு அடித்தளம் இருக்காது. உங்கட வண்டி ஒரே நாளில பத்து பனிக்காலம் பாத்திட்டுது.

உவர்மலை மைனர் | வியாழன் பகல்

குத்தினன். சத்தம் வரேல்ல. ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ள போச்சு.

சாரதி பக்கம் உள்ளங்கை அளவில ஒரு ஓட்டை, தாரும் ஒரு பைபர் துணியும்தான் அதை மூடிக்கொண்டு இருந்தது. அதுக்குக் கீழ குரொஸ்மெம்பரின்ர மேல் தகடு, ஜாக் பக்கமா ஒரு சாண் நீளம் போயிட்டுது. குச்சியால கிண்ட உள்ளுக்க இருந்து மணல் கொட்டுது. வெள்ளை மணல். நான் மணலைக் கையில வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திட்டன்.

டோர்ஷன் பார் முடியிற நடுப்பக்கம் திடமா இருக்கு, அங்க டிங் எண்டுது. சீற் றெயில் கேக்க வந்தனான், எங்க வந்து நிக்கிறன் பாருங்கோ.

பாலையூற்று பாஸ் | வியாழன் மாலை

தம்பி உது செய்யலாம், பயப்பிடாதயும். நான் வந்து பாக்கிறன், ஞாயிறு வீட்ட நில்லும். ஆரையும் கொண்டு மேலால தகடு ஒட்ட விடாதயும். கெட்டதை நல்ல இரும்பு வரும்வரைக்கும் வெட்டி எடுத்திட்டுத்தான் புதுசு வைக்க வேணும். தரைக்கு 18 கேஜ், 1.2 மில்லி. ஜாக் பக்கம் பெட்டிக்கு 16 கேஜ். டோர்ஷன் பார் பாரத்தில நிக்கேக்க குரொஸ்மெம்பரில கை வைக்கப்படாது, முறுக்கி வச்ச சாமான், விட்டா ஆளைக் கொல்லும். முதல் வண்டியத் தாங்கி, பாரை இளக்கிட்டுத்தான் வேலை. பாருக்குச் சூடும் காட்டக்கூடாது, உருக்கின்ர பதம் போயிடும். கதவு ரெண்டையும் பூட்டிப் பாத்து அளவு எடுத்து வையும், வெட்டினாப் பிறகு வண்டி தொய்ஞ்சால் கதவு சொல்லும்.

சுத்தியல் சொன்னனான்தான். சீற் கழட்டாமல் அடிச்சிருந்தால் நீர் சுத்தியலோட கீழ போயிருப்பீர்.

அம்பாசடர் கோவை | வியாழன் இரவு

இவ்ளோ செலவு பண்றதுக்கு வேற வண்டி எடுத்துறலாம்னு யாரும் சொல்லலயேன்னு சந்தோசமா இருக்குங்க.

ஸ்காபரோ கறள் | வியாழன் இரவு

வேற வண்டி எங்க எடுக்கிறது, 2020ல இறக்குமதிய நிப்பாட்டினதில இருந்து 2025 வரைக்கும் ஊரில பழைய வண்டிக்கு இருந்த விலை தெரியுமோ. மைனருக்குத் தகடு எண்டா இலங்கையிலயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பின காலம் ஒண்டு இருந்தது. கை தெரிஞ்ச கராஜ் பாஸ்மார் இன்னும் இருக்கினம்.

உவர்மலை மைனர் | அடுத்த கிழமை, செவ்வாய்

பாஸ் அண்ணை வந்தவர். அரை நாள் குனிஞ்சு பாத்திட்டு ரெண்டு கப் பிளேன்ரீ குடிச்சிட்டு 'மழை தொடங்க முதல் முடிப்பம்' எண்டார். ஐப்பசி வந்திட்டா திருகோணமலையில பெயின்ற் காயாது, எனக்கும் தெரியும். வண்டி இப்ப அவரிட கராஜில கட்டையில நிக்குது.

இடைக்கால றெயில் நிலவரம் சொல்றன். ரெண்டு நாள் கரண்டில போட்டு, தண்ணி மாத்தி, உள்கம்பி போட்டு இன்னும் ஒரு நாள். அதுக்குப் பிறகு கையாலயே விலகிச்சுது! சத்தம் போட்டிட்டன். ஆனா விலகின அவசரத்தில உள்ளுக்க இருந்த உருண்டையள் சீமெந்து நிலத்தில சிதறிப் போச்சு. பத்துத்தான் கிடைச்சுது, எத்தினை இருந்தது எண்டு தெரியாது. ஒரு பக்கக் கீழ் தகடு ஊசிக்கண் ஊசிக்கண்ணா ஓட்டை.

கிண்ணியா காக்கா | செவ்வாய் இரவு

மாஷா அல்லாஹ். அடுத்த தரம் பழைய பெட்சீட்டு மேல வெச்சி பிரிங்க. ஒரு பள்ளத்துக்கு எத்தின தழும்பு இரிக்கெண்டு பாருங்க, உருண்ட ஓடின இடம் தேஞ்சி மினுங்கும். உருண்டைக்கு அலைய வேணாம், சைக்கிள் கடைக்கிப் போங்க. முன் சில்லு குண்டு 3/16, பின் சில்லு குண்டு 1/4. கிடைச்சத வேர்னியரால அளந்து பாத்து வாங்குங்க. பழசும் புதுசும் கலக்காதீங்க, மொத்தமா புதுசு போடுங்க.

சீனக்குடா 1098 | செவ்வாய் இரவு

ஓட்டை விழுந்த கீழ் தகட்டை நிரப்பி வெல்ட் பண்ணலாம் எண்டு நினைக்காதேங்கோ. பற்கள் இருக்கிற பக்கமோ, மற்றப் பக்கமோ?

உவர்மலை மைனர் | செவ்வாய் இரவு

பல்லுப் பக்கம் நல்லா இருக்கு. வெறும் ஓட்டப் பக்கம்தான் பழுது.

சீனக்குடா 1098 | செவ்வாய் இரவு

அப்ப அந்த ஒண்டைப் புதுசா மடிச்சு எடுங்கோ, நல்ல பக்கத்தைக் காட்டினா பாஸ் அண்ணை செய்வார். பல்லுப் பக்கத்தை ஒவ்வொரு பல்லாப் பாருங்கோ, விளிம்பு உருண்டிருந்தா கொக்கி பிரேக்கில வழுக்கும். சீற் பின்னால ஓடினா கால் பிரேக்குக்கு எட்டாது, மனுசன் தன்னையறியாமல் ஸ்ரியரிங்கில தொங்குவான்.

ஒரு நண்பன் எனக்கு முந்தி சொன்னவன், நீயும் மனுசியும் ஒரே உயரம்தானே, சீற்றை ஒரு இடத்தில வெல்ட் பண்ணி விடு எண்டு. மாட்டன் எண்டிட்டன். வெல்ட் சூட்டில மெல்லிய தகடு பதம் கெட்டு, அந்த ஓரத்திலதான் அடுத்த வெடிப்பு வரும்.

நிலாவெளி கெமிஸ்ற்றி | புதன் மாலை

கழுவி எடுத்த இரும்பைச் சுடுதண்ணியில அலசுங்கோ, சூட்டோட தானாக் காயும். மறுநாள் வரைக்கும் விட்டா மஞ்சள் பூக்கும். குழிக்குள்ள கறள் மிச்சம் இருந்தா பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் மாத்தி பூசலாம், கறுத்து இறுகும். கடுந்தேயிலைச் சாயத்துக்கும் இரும்பு கறுக்கும், தனின் செய்யிற வேலை. பாஸ் அண்ணை குடிச்சு மிச்சம் விட்ட பிளேன்ரீயில ஒரு ஆணியப் போட்டுப் பாருங்கோ. ஆனா றெயிலுக்குத் தேயிலையை நம்பேலாது, சிங்க் பிரைமர்தான்.

பாலையூற்று பாஸ் | புதன் மாலை

மிச்சம் விட்டதில்லை ரீச்சர்.

பெயின்ற் வெளிப்பக்கம் மட்டும். உருண்டை ஓடுற பள்ளத்துக்குள்ள பெயின்ற் போட்டால் தடிச்சுப் பிடிக்கும், பிறகு உரிஞ்சு உருண்டையோட சேந்து திரும்பவும் இறுகும். கிறீசையும் அள்ளி அப்பாதேயும். எங்கட ஊர் மணல், காலில ஒட்டி வந்து கிறீசில விழுந்தால் அரைக்கிற கல்லு மாதிரி. லித்தியம் கிறீஸ் விரலில தொட்டு ஒருக்காத் தேய்ச்சால் காணும்.

உவர்மலை மைனர் | ஒரு மாசத்துக்குப் பிறகு

மன்னிக்கோணும், இடையில எழுத நேரம் வரேல்ல.

தரை முடிஞ்சுது. சாரதி பக்கம் ரெண்டடிக்கு ஒண்டரை அடித் துண்டு வெட்டிப் புதுசு, ஜாக் பக்கப் பெட்டி புதுசு. மூட முதல் பெட்டிக்குள்ள நல்ல தண்ணி விட்டு மூண்டு நாள் கழுவினம், முதல் நாள் வந்த தண்ணிய நாக்கில வச்சுப் பாத்தன், கரிச்சுது. இத்தினை வருசத்துக்குப் பிறகும். பிறகு காயவிட்டு, உள்ளுக்க மெழுகு ஸ்பிறே அடிச்சு, கீழ தண்ணி வடியிற ஓட்டையளைத் திறந்து விட்டது. பழைய கராஜ்காரர் அதையும் தாரால அடைச்சு வச்சிருந்தவை.

நாலு நட்டும் புதுசு, நாலும் 5/16 யூஎன்எப், கொழும்பில இருந்து எடுப்பிச்சது. பாஸ் அண்ணை கீழ ஒவ்வொண்டுக்கும் பெரிய வாஷர் தகடும் வச்சவர். றெயில் ஒரு பக்கம் புதுசா மடிச்சது, மற்றது பழசு, உருண்டை சைக்கிள் கடை 1/4. ஸ்பிரிங் புதுசு. தும்புக் காபெற் திருப்பிப் போடேல்ல, றப்பர் விரிப்பு மட்டும், தூக்கிப் பாக்கிற மாதிரி.

உப்புவெளிப் பக்கம் வெறும் றோட்டில மணிக்கு 20ல போய் சடக்கெண்டு பிரேக் அடிச்சுப் பாத்தம், பத்துத் தரம், மச்சான் பின்னால இருந்து சீற்றைப் பிடிச்சுக்கொண்டு. ஒரு நூல் அசையேல்ல. முழுக்கப் பின்னுக்குத் தள்ளி இருந்தா எனக்கும் ஸ்ரியரிங்குக்கும் இடையில ஒரு சாண் இடம்.

நேற்று வெள்ளிக்கிழமை அப்பாவைக் கோணேசர் கோவிலுக்குக் கொண்டு போக எடுத்தன். கோட்டை வாசல் வரைக்கும் பேசாமல் வந்தவர், அங்க நிப்பாட்டச் சொல்லிட்டு, இறங்கி இந்தப் பக்கம் வந்து 'எழும்பு' எண்டார். லைசன்ஸ் முடிஞ்சு எவ்வளவு காலம், ஓட விடேலாது எண்டு சொன்னன். 'ஓட இல்லை' எண்டிட்டு ஏறி இருந்து, லீவரை ஒற்றை விரலால இழுத்து, முழுக்க முன்னுக்குக் கொண்டு போயிட்டார். பழைய இடம். பத்து நிமிசம் அப்பிடியே இருந்தவர், மான் ரெண்டு வந்து கண்ணாடிய மோந்துபோட்டுப் போச்சு.

கிண்ணியா காக்கா | அதே இரவு

தம்பி, மிச்ச வாஷிங் சோடா இரிக்கா? வாப்பாட போட் எஞ்சின் இன்னும் ஒண்டு கிடக்கு. மச்சான்ட மாமாட சார்ஜரையும் கேட்டுப் பாருங்களன், என்ட நேத்து புகைஞ்சி போச்சு.